கொயோட்டியைச் சுடுவதா, பெண்மானை விட்டுவைப்பதா?

அமெரிக்காவின் தென்கரோலைனா மாநிலத்தில், காட்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து உறுப்பினர்கள் கூடி மான் வேட்டையாடும் கிளப்புகள் ஏராளம். அங்கெல்லாம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரே வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பு பார்த்த அளவுக்கு மான் இல்லை. கோடையில் தாயின் பின்னால் துள்ளி வரவேண்டிய குட்டிகளைக் காணவில்லை. அவற்றைக் கொயோட்டி என்னும் நாய்க்குடும்ப விலங்கு தின்றுவிட்டது. ஆகவே கொயோட்டியைக் கொல்ல வேண்டும். இவற்றுள் முதல் மூன்று கூற்றுகளிலும் பெருமளவு உண்மை இருக்கிறது. நான்காவது கூற்று மட்டும் அவற்றிலிருந்து தானாகப் பிறப்பதில்லை. அதற்கு மாற்றாக வேறு சில வழிகள் இருக்கின்றன, அவற்றுள் ஒன்று கொயோட்டியைத் தொடாமலேயே மான்களைப் பெருக்கக்கூடியது. எந்த வழிக்கு எவ்வளவு செலவு, எவ்வளவு பலன் என்று நிறுத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

முதலில் அந்த விலங்கைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொயோட்டி நம் குள்ளநரிக்கு உறவினம். அதைவிடச் சற்றுப் பெரியது. கிழக்கு மாநிலங்களில் வாழ்பவை பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடையுள்ளவை. ஒரு காலத்தில் இது நடு அமெரிக்கப் புல்வெளிகளுக்கும் மேற்கின் வறண்ட நிலங்களுக்கும் உரியதாக இருந்தது. சாம்பல் ஓநாயும் சிவப்பு ஓநாயும் துப்பாக்கிக்கும் நஞ்சுக்கும் இரையாகி ஒழிந்த பிறகு, காலியான அந்த இடத்தில் கொயோட்டி கிழக்கு நோக்கி நடந்தது. நடந்த வழியில் எஞ்சியிருந்த ஓநாய்களோடும் நாய்களோடும் கலந்தது. இன்று ஹவாய் நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் அது உண்டு. தென்கரோலைனாவின் மேட்டுப் பகுதியில் 1978இல் அது முதன்முதலாகத் தென்பட்டது. அங்கு அது தானாக வந்ததன்று, வேட்டை நாய்களை விரட்டவிட்டு மகிழும் சிலர் வெளியிலிருந்து பிடித்துவந்து விட்டது என்பதை அம்மாநில வனவிலங்குத் துறையே பதிவு செய்திருக்கிறது. வேட்டைக்காரர்கள் இன்று தூற்றும் விலங்கு வேட்டைக்காரர்கள் கையாலேயே வந்து சேர்ந்தது என்பதை வழக்கின் இரு தரப்பாரும் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அது மான்குட்டிகளைத் தின்கிறதா என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. தென்கரோலைனாவில், ஏய்கன் நகருக்கு அருகே, அணு ஆயுதப் பொருள்கள் தயாரிப்பதற்காக 1950களில் வளைக்கப்பட்ட சவானா ஆற்று வளாகம் என்னும் பெருங்காட்டு நிலம் இருக்கிறது. அங்கே ஜான் கில்கோ தலைமையிலான வனத்துறை ஆய்வாளர்கள் 2006 முதல் 2009 வரை மான்குட்டிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டை அணிவித்துப் பின்தொடர்ந்தார்கள். கருவுற்ற மானின் உடலில் ஒரு சிறு ஒலிபரப்பியைப் பொருத்திவிடுவார்கள். அது ஈனும்போது குட்டியோடு வெளியே விழுந்து, பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும். இறந்த குட்டியின் உடலில் ஒட்டிய எச்சிலிலிருந்து டி.என்.ஏ. எடுத்துக் கொன்றது எது என்று உறுதி செய்தார்கள். பதினாறு வாரம் வரை பிழைத்தவை சுமார் 23 விழுக்காடுதான். இறந்தவற்றுள் பெரும்பகுதி கொயோட்டியின் கணக்கில் சேர்ந்தது. வடகரோலைனாவின் ஃபோர்ட் பிராக் இராணுவ வளாகத்தில் நடந்த இன்னொரு ஆய்வில் பிழைப்பு விகிதம் 14 விழுக்காடாக இருந்தது. அங்கே வளர்ந்த பெண்மான்களைக்கூடக் கொயோட்டிகள் கொன்றிருந்தன.

ஆனால் குட்டிகள் பெருமளவில் சாவதும் மான் கூட்டம் குறைவதும் ஒன்றல்ல. கிழக்கு அமெரிக்காவின் ஆறு மாநிலங்களில் 384 மாவட்டங்களின் வேட்டைக் கணக்குகளை 1981 முதல் 2014 வரை வைத்து, கொயோட்டி வந்து சேர்ந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. கொயோட்டியின் வருகையால் மான் எண்ணிக்கை பரவலாகச் சரிந்ததற்கு அதில் தடயம் கிடைக்கவில்லை. கில்கோவும் அவரைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அதை மறுத்து எழுதினார்கள். என் பார்வையில் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. நல்ல மண்ணும் தீனியும் உள்ள மாநிலத்தில் பெண்மான் ஆண்டுதோறும் இரட்டைக்குட்டி ஈன்று இழப்பை ஈடுகட்டிவிடும். மணற்பாங்கான தென்கிழக்குப் பைன் காடுகளில் அந்த ஈடு போதாமல் போகும். ஆகவே அடுத்த மாநிலத்து ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு தன் நிலத்துக்குத் தீர்ப்பு எழுதுவது, எந்தப் பக்கத்தார் எழுதினாலும், தவறாகவே முடியும்.

இனி வழிகளுக்கு வருவோம். அரசியல்வாதிகளுக்கு மிகவும் பிடித்தது தலைக்கு விலை வைப்பது. யூட்டா மாநிலம் 2012இல் ஒரு சட்டம் இயற்றி, கொல்லப்படும் ஒவ்வொரு கொயோட்டிக்கும் 50 டாலர் தருகிறது. காதுகளோடு கூடிய தலைத்தோலையும் கீழ்த்தாடையையும் கொண்டுவந்து காட்ட வேண்டும். கழுதையுடையவை போன்ற பெரிய காதுகளைக் கொண்ட மியூல் மானைக் காப்பதே அச்சட்டத்தின் நோக்கம். தென்கரோலைனா வேறு விதமாக யோசித்தது. பதினாறு கொயோட்டிகளைப் பிடித்து அடையாளமிட்டு மீண்டும் விட்டார்கள். அவற்றுள் ஒன்றைக் கொல்பவருக்கு ஆயுள் முழுவதும் செல்லும் வேட்டை உரிமம் பரிசு. பிடித்த கொயோட்டியைக் கொல்வதற்காகவே வெளியே விடும் திட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

தலைக்கு விலை வைப்பதன் குறை அற்பத் தொகையில் இல்லை. அது எங்கே, எப்போது என்ற கேள்விகளைக் கேட்பதில்லை என்பதில் இருக்கிறது. மான்குட்டிக்குப் பேராபத்து பிறந்த முதல் சில வாரங்களில். அப்போது அந்தக் காட்டில் இருக்கும் கொயோட்டிதான் கணக்கில் வரும். பணத்துக்காகச் சுடுபவரோ தனக்கு எளிதான இடத்தில், எளிதான பருவத்தில், பெரும்பாலும் சாலையோர மேய்ச்சல் நிலங்களில் சுடுவார். அந்தத் தொகை இல்லாவிட்டாலும் அவர் சுட்டிருக்கக்கூடிய கொயோட்டிக்கும் அரசு பணம் கொடுக்கிறது. மான் பெருகியதா என்ற கேள்விக்கு, எத்தனை தாடைகள் வந்தன என்ற எண்ணிக்கை பதிலாக நிறுத்தப்படுகிறது.

இதற்கு அடுத்தது, கண்ணில் பட்டபோதெல்லாம் சுடுவது. பல மாநிலங்களில் கொயோட்டிக்கு வேட்டைப் பருவமோ எண்ணிக்கை வரம்போ கிடையாது. மான் வேட்டைக்காக மரத்தில் கட்டிய பரணில் காத்திருப்பவர் நவம்பரில் ஒரு கொயோட்டியைக் கண்டால் சுடுகிறார். ஒரு மான்குட்டியையாவது காப்பாற்றிய நிறைவோடு வீடு திரும்புகிறார். அந்த நிறைவுக்குச் சான்று மிகக் குறைவு. நவம்பரில் ஒரு கொயோட்டி செத்தால், மான்கள் ஈனும் மே மாதத்துக்குள் அந்த இடத்தை இன்னொன்று நிரப்பிவிடும். கொயோட்டிச் சமூகத்தில் எல்லை வகுத்துக்கொண்டு வாழும் இணைகள் ஒரு பங்கு. நிலமில்லாமல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அலையும் இளங்கொயோட்டிகள் மற்றொரு பங்கு. வீட்டுக்காரர் இறந்தால் வாடகைக்கு ஆள் தேடவேண்டிய அவசியமே இல்லாத நிலை அது.

கானலி, லாங்ஹர்ஸ்ட் என்னும் இருவர் 1975இல் கணினி மாதிரி ஒன்றைக் கொண்டு போட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: ஆண்டுக்கு 70 விழுக்காட்டைக் கொன்றாலும் கொயோட்டிக் கூட்டம் தாக்குப்பிடிக்கும், 75 விழுக்காட்டை விடாமல் கொன்றுவந்தால் ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும் அது ஒழிய. எண்ணிக்கை குறையும்போது எஞ்சியவற்றுக்குத் தீனி கூடுகிறது, ஈற்றுக்குப் பிறக்கும் குட்டிகள் பெருகுகின்றன, முதல் வயதிலேயே ஈனத் தொடங்குபவையும் அதிகரிக்கின்றன. இதையே நீட்டி, 'கொல்லக் கொல்லக் கொயோட்டி கூடும்' என்று விலங்கு நல அமைப்புகள் சில முழங்குகின்றன. அதுவும் மிகை. பழைய அளவுக்கு விரைவில் மீளும் என்பதற்குச் சான்று வலுவானது; பழைய அளவைத் தாண்டிப் பெருகும் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. வழக்கில் ஒரு தரப்பின் மிகையைச் சுட்டும் கையால் மறுதரப்பின் மிகையையும் சுட்டத்தான் வேண்டும்.

யார் அதிகம் கொல்வது என்று பரிசு வைத்து நடத்தும் போட்டிகள் வேறு வகை. 2014இல் கலிபோர்னியாவும், பின்னர் வெர்மான்ட், நியூ மெக்சிகோ, அரிசோனா, மாசசூசெட்ஸ், கொலராடோ, வாஷிங்டன், ஒரிகன், நியூயார்க் முதலிய மாநிலங்களும் அவற்றைத் தடுத்துவிட்டன. மான் மேலாண்மைக்கு அவற்றால் பலன் உண்டு என்று மெய்ப்பிக்க எவராலும் இயலவில்லை என்பதும், வேட்டை என்னும் பழக்கத்தின் மீதே பொதுமக்களுக்கு வெறுப்பு வரும் என்று வேட்டைக்காரர்களே அஞ்சியதும் அதற்குக் காரணங்கள்.

மூன்றாவது வழிதான் கருத்தோடு ஆராயத் தக்கது: குட்டி ஈனும் பருவத்துக்குச் சற்று முன்னே, வரையறுத்த ஒரு நிலப்பரப்பில், தொழில்முறைப் பொறிவைப்போரைக் கொண்டு கொயோட்டிகளை முழுமூச்சாக அகற்றுவது. ஜார்ஜியாவிலும் அலபாமாவிலும் சிறு நிலங்களில் இப்படிச் செய்தபோது, இலையுதிர் காலத்தில் தாய்க்கு இத்தனை குட்டி என்ற விகிதம் கணிசமாக உயர்ந்ததாக 2009இல் ஆய்வுகள் வெளிவந்தன. கிளப்புகளில் நம்பிக்கை பிறந்தது. பின்னர் சவானா ஆற்று வளாகத்திலேயே கில்கோ குழுவினர் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 2010 முதல் 2012 வரை மூன்று ஆண்டுகளில், ஒவ்வொன்றும் 32 சதுர கிலோமீட்டர் கொண்ட மூன்று பகுதிகளிலிருந்து 474 கொயோட்டிகளை அகற்றினார்கள். ஆண்டுக்குச் சதுர கிலோமீட்டருக்கு ஒன்றரைக்கும் மேல் என்பது சாதாரண முயற்சியன்று. தாங்களாகவே துப்பாக்கி தூக்கிச் செல்லும் கிளப் உறுப்பினர்களால் அந்த அளவை நெருங்கவும் முடியாது.

விளைவு எப்படி? அகற்றுவதற்கு முன் 22.8 விழுக்காடாக இருந்த குட்டிப் பிழைப்பு, முதல் ஆண்டில் 51.3 ஆக எழுந்தது. இரண்டாம் ஆண்டில், அதே உழைப்பு, அதே பொறிகள், 20.2 ஆக விழுந்தது. மூன்றாம் ஆண்டில் 43.1. சராசரி பார்த்தால் ஏற்றம்தான். ஆனால் செலவு செய்பவருக்குச் சராசரியில் அல்ல, ஆண்டுக்கு ஆண்டு பலன் வேண்டும். மேலும், அகற்றிய இடத்துக்குச் சில மாதங்களில் புதியவை வந்து சேர்ந்துவிட்டதால், இந்தப் பணியை நிறுத்திய ஆண்டிலேயே பழைய நிலை திரும்பும். இது ஒருமுறை வைத்தியமன்று, ஆயுள் முழுவதும் கட்டவேண்டிய வாடகை.

மேற்கில் ஐடஹோ மாநிலத்தின் தென்கிழக்கில் 1997 முதல் 2003 வரை நடந்த பெரிய சோதனை இதற்கு இன்னொரு கோணம் தருகிறது. அங்கே கொயோட்டிகளை அகற்றியதால் மியூல் மான்குட்டிகள் பிழைத்தது, முயலும் எலியும் போன்ற வழக்கமான இரை குறைந்து கொயோட்டி மானை நாடிய ஆண்டுகளில் மட்டுமே. மற்ற ஆண்டுகளில் கூட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தவை குளிர்காலத்தின் கடுமையும் மழையும்தான். ஆக, இவ்வழியைத் தேர்ந்தெடுப்பவர் எந்த ஆண்டில் பலன் தரும் என்று முன்கூட்டி அறியாமலேயே ஒவ்வோர் ஆண்டும் செலவிட வேண்டியிருக்கிறது.

நான்காவது வழியைச் சொல்லும்போது கிளப் கூட்டங்களில் அமைதி நிலவும். வேட்டையில் கொல்லும் பெண்மான்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அது. 1990களில் தென்கரோலைனாவில் மான்கள் பத்து லட்சத்தை எட்டியபோது, 'பெண்மான்களைச் சுடுங்கள்' என்று அரசே ஊக்குவித்தது. அன்று அது சரியான அறிவுரை. 2002இல் அம்மாநிலத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மான்கள் வேட்டையாடப்பட்டன. பிறகு நிலைமை இரண்டு பக்கமும் மாறியது. இளம் பைன் தோட்டங்கள் வளர்ந்து மேலே கிளைகள் வெயிலை மறைத்ததால் தரையில் தீனி குறைந்தது, கொயோட்டி வந்தது, ஆனால் பெண்மானைச் சுடும் பழக்கம் மட்டும் அப்படியே தொடர்ந்தது.

ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். ஒரு நிலத்தில் நூறு பெண்மான்கள் இருந்து, அவை 150 குட்டிகள் ஈனுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சவானா ஆற்றுப் பழைய விகிதப்படி 34 குட்டிகள் பிழைக்கும். கொயோட்டிகளை அகற்றிய மூன்று ஆண்டுகளின் சராசரியான 38 விழுக்காட்டை எடுத்தால் 57 பிழைக்கும். வேறுபாடு 23, அதில் பாதி, அதாவது 11 அல்லது 12, பெண்குட்டிகள். எனவே, கொயோட்டிகளைப் பிடித்துப் பெறும் அதே ஆதாயத்தை, அந்த ஆண்டு வழக்கமாகச் சுடும் பெண்மான்களில் பன்னிரண்டைச் சுடாமல் விட்டாலே பெறலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. கோடையில் பிழைத்த குட்டி இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தாண்டி, ஓரிரு ஆண்டு கழித்துத்தான் முழு அளவில் ஈனும். விட்டுவைத்த தாயோ அடுத்த மே மாதமே ஈனும். இதற்கு நிகராக எளிய கணக்கு வனவிலங்கு மேலாண்மையில் அதிகம் இல்லை. கில்கோ குழுவினரும் கொயோட்டியை அகற்றுவதன் பலன் சிறிது என்று கண்டு, பெண்மான் வேட்டையைக் குறைப்பதையே முதலில் எண்ணிப்பார்க்கச் சொன்னார்கள்.

இதற்கு எதிர்ப்பு எழுவது கணக்கின் பிழையால் அல்ல. இறைச்சி வேண்டும், மாலைவரை பரணில் உட்கார்ந்தவருக்குச் சுட ஏதாவது வேண்டும், தான் விட்டுக்கொடுக்கும் மானைக் கொயோட்டி தின்னப்போகிறதே என்ற எரிச்சல் வேறு. வேட்டை சட்டப்படி முடங்கிய நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு இந்த எரிச்சல் வினோதமாகத் தோன்றலாம். அமெரிக்காவிலோ உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் வரியும்தான் மாநில வனவிலங்குத் துறைகளைப் பெருமளவில் நடத்துகின்றன. வேட்டைக்காரரின் மனத்தாங்கலைப் புறந்தள்ளிவிட்டு அங்கே எந்தக் கொள்கையும் நிற்காது.

காட்டின் அடித்தளத்தைச் செறிவாக்குவது, அதாவது மரங்களைக் கழித்து வெயில் விழச்செய்து, முறையாகத் தீயிட்டுப் புதரும் புல்லும் வளரவைப்பது, ஐந்தாவது வழி. குட்டிக்கு மறைவிடமும் தாய்க்குத் தீனியும் கிடைக்கும். மறைவிடம் என்ற ஒன்றுக்காக மட்டும் இதைச் செய்வதானால் நான் தயங்குவேன். சவானா ஆற்று ஆய்வில் புதர்ச்செறிவு குட்டிகளுக்குப் பெரிய காப்பாக அமைந்ததாகத் தெரியவில்லை. தீனிக்காகச் செய்வது எப்படியும் தகும்; ஆனால் குத்தகைக்காரர் கையில் கோடரி இருக்காது, அது நிலத்துக்காரரின் முடிவு.

கடைசி வழி சும்மா இருப்பது. இது சோம்பலின் பெயரன்று. வடகிழக்கு மாநிலங்களின் புறநகர்ப் பகுதிகளில் மான்கள் காட்டின் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்து, சாலையில் வாகனங்கள் மீது மோதி, உண்ணிகளைச் சுமந்து திரிகின்றன. அங்கே ஒரு கொயோட்டி சில குட்டிகளைத் தின்பது குறையன்று. அந்தச் சிக்கலைத் தீர்க்க அதன் பசி போதாது என்பதுதான் குறை. அத்தகைய இடத்தில் மானுக்காகக் கொயோட்டியைக் கொல்வது தன் கையால் தன் கண்ணைக் குத்திக்கொள்வது.

விலையில் எழுதப்படாத வேறு கணக்குகளும் உண்டு. மேற்கு டெக்சஸில் கொயோட்டிகளை அகற்றியபோது காட்டுமுயல்கள் பெருகின, கொறிவிலங்கு இனங்களின் பன்மை குறைந்தது. சான் டியேகோவின் ஓடைப் பள்ளங்களில் கொயோட்டி இல்லாத இடங்களில் பூனைகள் ஓங்கி, புதர்ப் பறவைகள் குறைந்தன. வடகரோலைனாவின் கிழக்கே ஐந்து மாவட்டங்களில், உலகில் எஞ்சிய சில சிவப்பு ஓநாய்களைக் கொயோட்டி என்று தவறாகக் கருதிச் சுட்டுவிடுகிறார்கள் என்பதால், பகலிலும் இரவிலும் கொயோட்டி வேட்டையாடுவதை 2014இல் கூட்டாட்சி நீதிமன்றமே நிறுத்திவைத்தது. இரவு வேட்டைக்கு இசையும் எந்த விதியும் இத்தகைய இடத்தில் வேறு கணக்கைக் கேட்கும்.

இவற்றையெல்லாம் வைத்து ஒரு கிளப்புக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஆகஸ்ட், செப்டம்பரில், வேட்டை சூடுபிடிப்பதற்கு முன்னால், தானியங்கிக் கேமராக்களை வைத்துப் பெண்மானுக்கு எத்தனை குட்டி என்று எண்ணுங்கள். சுடப்படும் பெண்மான்களில் எத்தனைக்கு மடியில் பால் இருக்கிறது என்பதையும் குறித்துவையுங்கள். குட்டிகள் போதிய அளவில் இருந்தால் கொயோட்டியைப் பற்றிய பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். குறைந்தால், பெண்மான் வேட்டையைப் பாதியாக்கி மூன்று ஆண்டு பாருங்கள். அதன் பிறகும் கூட்டம் ஏறாமல், பல ஆயிரம் ஏக்கர் நிலமும் ஒவ்வோர் ஆண்டும் செலவிட நிதியும் இருந்தால் மட்டும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தொழில்முறைப் பொறிவைப்பவரை அழைக்கலாம். அண்டை நிலத்தாரும் சேர்ந்தால் பலன் கூடும். நூற்றைம்பது ஏக்கர் வைத்திருப்பவருக்கு இந்தக் கடைசி வழி கிடையாது: ஒரு கொயோட்டி இணை ஆளும் எல்லையே அவருடைய வேலியைவிடப் பெரியது.